டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், இனி எங்கே?

"நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று வார்டில் சொல்லும்போது, நோயாளி தானாக எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில் இருப்பார். ஆஸ்பத்திரியின் கணக்கில் வேலை முடிந்தது. எலும்பு பொருத்தியாயிற்று, காய்ச்சல் இறங்கியாயிற்று, ரத்தப் பரிசோதனை சீராகிவிட்டது. குடும்பத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது, அதுவும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அவகாசத்தில்.

வழிகள் நான்கு. வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பது, மறுவாழ்வு சிகிச்சை மையத்தில் சில வாரம் சேர்ப்பது, நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது, வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கான ஹாஸ்பிஸ் ஆதரவை வீட்டிலோ தனி இடத்திலோ பெறுவது. ஆரம்பத்திலேயே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'நர்சிங் ஹோம்' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. இங்கே பேசுவது இரவும் பகலும் செவிலியர் இருந்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் தங்குமிடத்தைப் பற்றி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவர்கள் தங்கும் முதியோர் இல்லம் வேறு. விசாரிக்கும்போது பெயர்ப் பலகையை நம்பாமல், "ராத்திரி எத்தனை செவிலியர் விழித்திருப்பார்கள், டியூபில் உணவு கொடுப்பீர்களா, படுக்கைப் புண்ணுக்குக் கட்டு யார் போடுவார்கள்" என்று கேட்டால் அது என்ன இடம் என்பது விளங்கிவிடும்.

இடத்துக்கு முன்னால் நோக்கத்தை முடிவு செய்ய வேண்டும். இழந்த செயலைத் திரும்பப் பெறுவதா, இருப்பதை இழக்காமல் காப்பதா, இருக்கும் நாளை வலியும் மூச்சுத்திணறலும் பயமும் இல்லாமல் கழிக்க வைப்பதா? முதலாவதற்கு மறுவாழ்வு மையம், இரண்டாவதற்கு வீடு அல்லது இல்லம், மூன்றாவதற்கு ஹாஸ்பிஸ். பெரும்பாலான சண்டைகள் இதைக் கலந்துகொள்வதால்தான் வருகின்றன. மனதில் முதல் நோக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதற்கான இடத்தில் சேர்த்துவிட்டு, "மூணு மாசமாச்சு, இன்னும் நடக்க வைக்கலையே" என்று இல்லத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். இல்லையென்றால், மூன்றாவது கட்டம் வந்துவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், நாளில் இருபது மணி நேரம் தூங்குபவரைத் தட்டி எழுப்பி பிசியோவுக்கு உட்கார வைப்பார்கள்.

மருத்துவரிடம் "குணமாகுமா?" என்று கேட்டால் வழவழவென்றுதான் பதில் வரும். "இன்னும் ஒரு வருஷத்துக்குள் இவர் இறந்துபோனால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வலியையும் அவதியையும் குறைப்பதையே வேலையாகக் கொண்ட நோய்த்தணிப்பு மருத்துவத்தில் (பாலியேட்டிவ் கேர்) மருத்துவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. "ஆச்சரியப்பட மாட்டேன்" என்று பதில் வந்தால் நாள் குறித்துவிட்டார் என்று அர்த்தமில்லை, மூன்றாவது நோக்கத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே, நோய்க்கு முந்தின ஆறு மாதத்தை நினைத்துப் பாருங்கள். தனியாக வெளியே போய்வந்துகொண்டிருந்தவர் பக்கவாதத்தில் விழுந்தால் திரும்ப ஏற அவருக்குப் படிகள் இருக்கின்றன. ஆறு மாதமாகவே எடை குறைந்து, நடை தளர்ந்து, கடைசியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தவர். எலும்பு முறிவு அந்த இறக்கத்தில் ஒரு படிதான். வயதானவர்களில் இடுப்பு முறிவுக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். காரணம் எலும்பு மட்டும் இல்லை.

ராத்திரிக் கணக்கு

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பகலைத்தான் கணக்குப் போடுகின்றன. தோற்பது ராத்திரியில். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால், எந்நேரமும் ஒருவர் விழித்திருக்க நான்கு பேருக்கு மேல் தேவை. வீட்டில் இதை ஒரு மகளோ மனைவியோ, கூட ஓர் அட்டெண்டரோ செய்கிறார்கள். முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். மூன்றாவது வாரத்தில் பார்த்துக்கொள்பவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், தூக்கக் கலக்கத்தில் காலை மருந்தும் இரவு மருந்தும் இடம் மாறும்.

ஆகவே டிஸ்சார்ஜுக்கு முந்தின இரண்டு ராத்திரி, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரே வார்டில் தங்கி, செவிலியர் பக்கத்தில் நிற்க, எல்லா வேலையையும் தன் கையால் செய்து பார்க்கட்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை எத்தனை முறை எழ வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். ஒன்றிரண்டு முறை என்றால் வீடு தாங்கும். நான்கைத் தாண்டினால், ராத்திரிக்கென்று தனியாக ஓர் ஆள் இல்லாமல் தாங்காது. இது கைக்கணக்குதான், ஆனால் பாசத்தை வைத்துப் போடும் கணக்கைவிட நம்பகமானது.

ராத்திரி 2 மணிக்குக் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு வேலை ஒழுங்காக நடந்தால் மற்றவை நடந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது 45 முதல் 50 செ.மீ. உயரம். நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டுச் சக்கரத்தைப் பூட்டுங்கள். அவரை ஒருக்களித்துத் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோளைத் தாங்கி உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்த கையோடு நிற்க வைக்காதீர்கள். படுத்தே இருந்தவருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், ஒரு நிமிடமாவது உட்காரட்டும். பிறகு கட்டில் நுனிக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருமளவு முன்னால் குனியச் சொன்னால், எடையில் பாதியை அவரே தூக்கிவிடுவார். நீங்கள் பிடிக்க வேண்டியது அவர் இடுப்பில் கட்டிய பட்டையை. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டை நழுவ வைக்கும். அந்தத் தோள்வலி மாதக்கணக்கில் நீடித்து, அதன்பிறகு எந்தப் பயிற்சிக்கும் கையைத் தொடவிட மாட்டார். காலில் எடையே தாங்காதவர் என்றால் இரண்டு பேர் வேண்டும், அல்லது தூக்கும் கருவி வேண்டும். ஒற்றை ஆள் சமாளிக்கலாம் என்பது இரண்டு பேரும் சேர்ந்து விழும் வழி.

வீட்டின் அளவுகளையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலி பொதுவாக 60 முதல் 70 செ.மீ. அகலம். தள்ளுபவரின் கையும் இடிக்காமல் போக, கழிவறைக் கதவு திறந்த நிலையில் 80 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். வாசல்படிக்குச் சாய்தளம் போடுபவர்கள் செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பது கணக்கு, அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம்.

மறதிநோய் உள்ளவருக்கு வீட்டைப் போன்ற இடம் வேறில்லை. கழிவறை எந்தப் பக்கம் என்பது நினைவில் இல்லாவிட்டாலும் காலுக்குத் தெரியும். பொறுமையாக ஊட்டுவதும், அவர் தூங்கும் நேரத்துக்குத் தூங்கவிடுவதும் வீட்டில்தான் நடக்கும். வீடு தாங்காத நிலைமைகளும் உண்டு. ராத்திரியில் வெளியே கிளம்பிவிடுபவர், ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தூக்க வேண்டியவர், தொண்டையில் துளையிட்டு அடிக்கடி சளி உறிஞ்ச வேண்டியவர், எலும்பு தெரியும் அளவுக்குப் புண் உள்ளவர் ஆகியோருக்குப் பாசம் மட்டும் போதாது. இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: அட்டெண்டர் வராத நாளில் யார்? அந்தப் பெயரை இன்றைக்கே எழுத முடியவில்லை என்றால் திட்டம் இன்னும் முடியவில்லை.

மறுவாழ்வு மையம்: மணிக்கணக்கு

மறுவாழ்வு மையத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கருவிகள் இல்லை, நேரம். தீவிர மறுவாழ்வு என்றால் வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேர அளவில் பிசியோ, அன்றாடச் செயல்பயிற்சி, பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சி எல்லாம் சேர்ந்தது. நாளுக்கு 20 நிமிடம் ஒருவர் வந்து கைகாலை நீட்டி மடக்கிவிட்டுப் போவது மூட்டு இறுகாமல் காக்கும், நடக்க வைக்காது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். "போன வாரம் ஒரு நோயாளிக்கு நடந்த பயிற்சி அட்டவணையைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

தாமதத்துக்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கால்களில் மட்டும், கொழுப்பு நீங்கிய திசு, அதாவது பெரும்பாலும் தசை, ஏறக்குறைய 1 கிலோ குறைந்திருந்தது. நோயும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதற்காக முதல் நாளே ஓட்டவும் கூடாது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பிப் பயிற்சி கொடுத்தால் நல்லதா என்று அவெர்ட் என்ற பெரிய ஆய்வு பார்த்தது. 2015-ல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. அப்படிச் செய்யப்பட்டவர்களில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையை எட்டியவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவு. முதல் நாளில் சின்னச் சின்னதாக, பிறகு நாளுக்கு நாள் கூட்டி என்பதுதான் நடைமுறை. இடுப்பு முறிவு வேறு கதை. ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிறுத்துவது வழக்கம்.

யாருக்குப் பயன்படும்? ஒற்றைக் கட்டளையைப் புரிந்து செய்பவர், சாய்மானம் கொடுத்தால் அரைமணி உட்காரக்கூடியவர், இதயமும் நுரையீரலும் பயிற்சியைத் தாங்குபவர். மறதிநோய் இருப்பதாலேயே தள்ளிவிட வேண்டியதில்லை. லேசான மறதி உள்ளவர்களும் இடுப்பு முறிவுக்குப் பிறகு நன்றாகத் தேறுகிறார்கள். ஆஸ்பத்திரியில் வந்த திடீர் குழப்ப நிலையைப் பார்த்து "இவர் ஒத்துழைக்க மாட்டார்" என்று முடிவுகட்டிவிட்டால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குழப்பம் வடிந்தபின் வேறு மனிதராக இருப்பார்.

"நடக்கணும்" என்பது ஆசை, அளந்து பார்க்கும் இலக்கு இல்லை. "நாலு வாரத்தில், ஓர் ஆள் தொட்டுக்கொண்டால் போதும் என்ற அளவில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது" என்பது இலக்கு. 1965-லிருந்து புழக்கத்தில் உள்ள பார்தெல் அளவுகோல் இதற்கு உதவும். சாப்பிடுவது, குளிப்பது, கழிவறை போவது, படியேறுவது என்று 10 செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். சேரும் நாளில் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு முறை தொடர்ந்து ஏறவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். முதலில் காரணம் தேடச் சொல்லுங்கள். அடங்காத வலி, கவனிக்கப்படாத மனச்சோர்வு, புதிதாகச் சேர்த்த தூக்க மருந்து, போதாத சாப்பாடு ஆகியவைதான் பெரும்பாலும் பின்னால் இருக்கும். இவற்றைச் சரிசெய்தும் எண் அசையவில்லை என்றால், இரண்டாவது நோக்கத்துக்கு மாறும் பேச்சைத் தொடங்கலாம். பக்கவாதத்தில் வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில். பேச்சும் கைவிரலும் அதற்குப் பிறகும் மெல்ல மெல்லத் தேறும், ஆனால் அதற்கு உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை.

மையத்தில் கிடைத்ததை வீட்டில் இழப்பது சாதாரணமாக நடக்கும். அங்கே நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு தானே சட்டை மாட்டியிருப்பார். வீட்டில் பார்க்கச் சகிக்காமல் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடுவார்கள். பதினைந்து நாளில் அவருக்குச் சட்டை மாட்டத் தெரியாது.

பராமரிப்பு இல்லம்: தட்டையும் குதிகாலையும் பாருங்கள்

இரண்டு பேர் தூக்க வேண்டிய நிலை, ராத்திரி முழுக்கக் கவனிப்பு, ஆழமான புண், பார்த்துக்கொள்பவரே நோயாளியாகிவிட்ட குடும்பம், இவற்றில் எது இருந்தாலும் இல்லம் சரியான தேர்வு. அதை வீடு தோற்றதாக எண்ண வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்க இரண்டு வாரம் மட்டும் சேர்த்துவிட்டுத் திரும்பக் கூட்டிவரும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. அப்படிச் சேர்க்கும் இரண்டு வாரம், இல்லத்தைச் சோதித்துப் பார்க்கும் இரண்டு வாரமும்கூட.

சொல்லாமல் போய்ப் பாருங்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், முடிந்தால் விடுமுறை நாளில். வரவேற்பறையைப் பார்த்து ஒரு பயனும் இல்லை. சாப்பாட்டு மேசைக்குப் போங்கள். விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு ஒழுங்காக ஊட்ட அரைமணிக்கு மேல் ஆகும். நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதை உறுதிசெய்த பிறகுதான் அடுத்த வாய். ஓர் ஆள் ஆறு பேருக்கு ஊட்ட வேண்டியிருந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டு பாதியோடு திரும்பும், எடை குறையும், கொஞ்ச நாளில் "மூக்கில் டியூப் போட்டுவிடலாமே" என்ற யோசனை வரும். டியூப் தேவை சில இடங்களில் நோயால் வருகிறது, சில இடங்களில் ஆள் பற்றாக்குறையால் வருகிறது.

அடுத்து, படுக்கையில் இருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள். படுக்கைப் புண் அதிகம் வருவது முதுகின் அடியில் வால் எலும்புப் பக்கமும் குதிகாலிலும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையைத் தொடாமல் மிதக்கிறதா? ஒருக்களிக்க வைக்கும்போது 90 டிகிரியில் இடுப்பு எலும்பின் மேல் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரிச் சாய்வில் வைக்கிறார்களா? நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின் மேல் உட்கார வைத்தால் அந்த இடத்துக்குப் பழைய பழக்கம் போகவில்லை என்று அர்த்தம். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஏர் பெட் இருந்தால், அவர் படுத்திருக்கும்போதே இடுப்புக்கு நேர் கீழே, காற்று அறைகளுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் அவர் உடம்புக்கும் இடையே இரண்டரை செ.மீ. காற்றாவது இருக்க வேண்டும். உடம்பு கையில் இடித்தால் பெட் வேலை செய்யவில்லை. அதன்மேல் மடித்த போர்வை, ரப்பர் ஷீட், இரண்டு டயப்பர் என்று அடுக்கினாலும் அதே கதிதான்.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்? இரண்டு மணி என்பது நெடுநாள் வழக்கம். அடர்த்தியான ஃபோம் மெத்தையில் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளை ஒப்பிட்டுப் பராமரிப்பு இல்லங்களில் நடத்தி 2013-ல் வெளிவந்த ஆய்வில், புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மெத்தை நல்லதாக இருந்து, ஒழுங்காகத் திருப்பினால், ராத்திரியில் கொஞ்சம் தூங்கவிடலாம் என்று இதற்கு அர்த்தம். சாதாரண மெத்தைக்கு இது பொருந்தாது. திருப்பிய நேரத்தை எழுதும் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 8, 10, 12, 2 என்று எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தால் அதுதான் உங்களுக்கான பதில். பிரேடன் என்ற மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்கலாம். 6 முதல் 23 வரை போகும் அளவு அது, 18-க்குக் கீழே இறங்க இறங்கப் புண் வரும் வாய்ப்பு அதிகம். தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, கெட்டியாக, அல்லது சுற்றுப்புறத்தைவிடக் கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டிப்போடுவதையும் மயக்கிவைப்பதையும் நேரடியாகவே கேளுங்கள். மறதிநோயாளிகள் கத்தினால் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் அவர்களில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. கத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் மலச்சிக்கலோ, வலியோ, நிரம்பிய மூத்திரப்பையோ இருக்கும். படுக்கையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்பதும் தவறு. தாண்டிக் குதிப்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். கட்டிலைத் தாழ்த்துவது அதைவிட நல்லது. டயப்பர் மாற்றும் வேலையை மிச்சப்படுத்த யூரின் டியூப் போட்டுவைப்பதும் நடக்கிறது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி வளர்கிறது.

கடைசிக் கட்டம்

நோய்த்தணிப்பு வேறு, ஹாஸ்பிஸ் வேறு. முதலாவது, நோய் தெரிந்த நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்ந்து நடக்கலாம். இரண்டாவது, நோயை எதிர்க்கும் சிகிச்சையை விட்டு நோக்கம் மாறிய பிறகு. இன்றைய ஹாஸ்பிஸ் முறைக்கு அடித்தளம் போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கிப் பிறகு மருத்துவரான அவர், 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் ஆன்மத் தேடலிலும் சேர்ந்தே இருக்கிறது என்ற அவருடைய பார்வைதான் இந்தத் துறையை நடத்துகிறது.

"அங்கே சேர்த்தால் முடிந்தது" என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களை வைத்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்புக் கவனிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நாட்களில் கடும் சிகிச்சையும் குறைவு. அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

மார்ஃபினைக் கண்டு பயப்படுவது இன்னொரு தடை. வாய்வழி மார்ஃபினைச் சிறு அளவில் தொடங்கி, 4 மணிக்கு ஒருமுறை, வலி வருமுன்னே கொடுப்பதுதான் முறை. "கேட்டால் கொடுப்போம்" என்று வைத்திருப்பதால்தான் வலி ஏறி, பிறகு அதை அடக்க அதிக மருந்து வேண்டியிருக்கிறது. இடையில் வலி பீறிட்டால் கொடுக்கும் கூடுதல் அளவு, பொதுவாக ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு வரை. முதல் இரண்டு மூன்று நாளின் தூக்கக் கலக்கமும் குமட்டலும் தானாகக் குறையும், மலச்சிக்கல் குறையாது. எனவே மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும். கைகால் வெட்டி வெட்டி இழுத்தாலோ குழம்பிப் பேசினாலோ மருத்துவரை உடனே அழைக்க வேண்டும், மருந்தை மாற்றுவார். தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பட்டை 72 மணி நேரத்துக்கு ஒன்று, ஆனால் முழுதாக வேலை செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பழைய மருந்தை நிறுத்திவிட்டால் அந்த ராத்திரி நரகம். பழைய பட்டையை உரிக்க மறப்பதும், ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் மருந்தை அளவுக்கு மீறி உள்ளே தள்ளிவிடும்.

ஹாஸ்பிஸ் ஆதரவை வீட்டில் பெறுவதா, தனி இடத்திலா? ராத்திரியும் எடுக்கும் தொலைபேசி எண், முன்கூட்டியே வீட்டில் வாங்கி வைத்த மருந்து, பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆள், இந்த மூன்றும் இருந்தால் வீடு. அடங்காத வலி, ரத்தப்போக்கு, விடாத பதற்றம் என்றால் தனி இடம். வீட்டுத் திட்டம் உடைவது பெரும்பாலும் ஒரே மாதிரி: ராத்திரி 3 மணிக்குத் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், பயந்துபோய் யாரோ ஆம்புலன்ஸை அழைப்பார்கள், விடியும்போது வென்டிலேட்டர். வரப்போவதை யாரும் சொல்லித் தராததுதான் காரணம். கடைசி நாட்களில் சாப்பாடு நின்றுவிடும், சிறுநீர் குறைந்து கருக்கும், கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும். அந்தக் கரகரப்பு, விழுங்க முடியாத எச்சிலின் சத்தம். கேட்பவருக்குத்தான் கொடுமை, அந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம். ஏறிக்கொண்டிருக்கும் சலைன் சளியைக் கூட்டும், அதைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். எச்சிலைக் குறைக்கும் ஊசியும் உண்டு.

சாப்பிடாததால் சாவதில்லை, உடம்பு மூடிக்கொண்டு வருவதால் பசி நின்றுவிடுகிறது. இது நெஞ்சுக்கு ஏறுவதற்கு நேரம் எடுக்கும். வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். முற்றிய மறதிநோயில் டியூப் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. கேட்டால் இரண்டு வாய், வேண்டாமென்றால் நிறுத்திவிடுவது என்று கையால் ஊட்டுவதே பரிந்துரை. தாகத்துக்கு வாயை ஈரமாக வைப்பது போதும். இரண்டு மணிக்கு ஒருமுறையாவது மென்மையான பிரஷ்ஷையோ பஞ்சையோ நனைத்து நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்பக்கம் துடைத்து, உதட்டுக்குக் களிம்பு போடுங்கள். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் எண்ணெய்க் களிம்பு வேண்டாம், நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பாக இருக்கட்டும். குடும்பத்தில் எல்லோரும் செய்யக்கூடிய வேலை இது, குழந்தைகள் உட்பட.

இதயம் நின்றால் மார்பை அழுத்துவதா, ஐசியூவுக்குத் தூக்குவதா, சாப்பாட்டுக்கு டியூப் போடுவதா என்ற மூன்றையும் அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். பேச முடியாவிட்டால் யார் அவருக்காக முடிவெடுப்பது என்பதையும் சேர்த்து. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, எந்தத் தாள் செல்லும் என்பதை மருத்துவக் குழுவிடமே கேளுங்கள். தாள் பீரோவுக்குள் இருந்தால் பயனில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது போய்விடும் என்று எண்ண வேண்டாம். இல்லத்தில் இருப்பவரை ஹாஸ்பிஸ் குழு வந்து பார்க்கலாம். தேறுவாரா மாட்டாரா என்று தெரியாதவருக்கு, "இரண்டு வாரம் மறுவாழ்வு, அதற்குள் நாற்காலியில் ஒரு மணி உட்கார்ந்தால் தொடர்வோம், இல்லையென்றால் நோக்கத்தை மாற்றுவோம்" என்று காலக்கெடு வைத்து முயன்று பார்க்கலாம். கெடுவை முதலிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், வெளியூரிலிருந்து கடைசியில் வந்து சேரும் பிள்ளை "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்கும் பேச்சு பாதியாகக் குறையும்.

எந்த இடமானாலும் கிளம்பும் நாளில் மருந்துப் பட்டியலை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்: பழையது தொடர்வது, நிறுத்தியது, புதிது. நிறுத்தியது எழுதப்படாததால்தான் ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் உள்ளே போகிறது. பாதிச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு முழு இன்சுலின் போட்டால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி எழுப்பவே முடியாமல் போகும். மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடித்து டியூபில் விட்டால் ஒரு நாள் மருந்து ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும், அதற்குத் திரவ வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். டியூப் மாற்றும் தேதி, தையல் பிரிக்கும் தேதி, எல்லோரும் கூடி மறுபடி முடிவைப் பார்க்கும் தேதி ஆகிய மூன்றையும் அதே தாளில் எழுதி, ராத்திரியில் அழைக்க வேண்டிய எண்ணை மட்டும் கண்ணாடி போடாமலே படிக்குமளவு பெரிதாக எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள்.